பெட்ஷீட்டுக்கு ஓசன்னா இல்லை

மார்ச் 9, 2025, ஞாயிறு

போதும், இத்தனை காலம் வாயைத் திறக்காமல் இருந்தது. இன்று முதல் எழுதப்போகிறேன். மனிதர்களிடம் சொல்லிப் பயனில்லை என்பதால் இந்த டைரியிடம்.

மனைவி ஜெசிந்தாவும் குழந்தையும் சர்ச் ஆராதனைக்குப் போயிருக்கிறார்கள். ஆறு வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வீட்டில்தான். புதுப்பட்டினம் முழுக்கத் தெரியும். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தானே.

விஷயம் இதுதான். எங்கள் சபைக்கு நூறு வயதானபோது நூற்றாண்டு மலர் போடுவதென்று முடிவானது. சபை வரலாற்றை எழுதும் வேலை எனக்கு வந்தது. வரலாற்றில் எம்.ஏ., எம்.ஃபில்., செங்கல்பட்டில் மேல்நிலைப் பள்ளி ஆசிரியன். வேறு யாருக்கு வரும்? இரண்டு வருடம் வாயலூர், நெரும்பூர், சதுரங்கப்பட்டினம் என்று அலைந்தேன். பகலெல்லாம் அடுத்தவன் கழனியில் நின்றவர்கள், காலில் சேறு காய்வதற்கு முன்னால் இந்தக் கோயிலுக்குச் செங்கல் சுமந்த கதை அது. ஒவ்வொருவர் பெயராகக் கேட்டு எழுதினேன். மலர் வந்தது. வழவழப்பான தாள். நான் எழுதியது ஒரு வரி விடாமல் இருந்தது. மேலே மட்டும், 'வரலாறு: திரு. ஏசுபாதம், சபைச் செயலர்'. என் பெயர் விளம்பரப் பக்கத்தில்கூட இல்லை.

ஏசுபாதம் வேறு யாருமில்லை, ஜெசிந்தாவின் கூடப்பிறந்த அண்ணன். அடுத்த தெரு. அன்றோடு அந்த ஆளிடம் பேச்சு நின்றது. சபை கேட்டைத் தாண்டிக் கால் வைப்பதில்லை என்று சொன்னேன், வைக்கவில்லை. ஜெசிந்தா முதலில் அழுதாள், பிறகு சண்டை போட்டாள், இப்போது 'வரீங்களா' என்று கேட்பதையும் விட்டுவிட்டாள்.

கடவுளோடு? அவரோடும் அப்படித்தான். அவர் வீட்டில் நடந்ததை அவர் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்.

மார்ச் 10, திங்கள்

நேற்று பேனாவை மூடுவதற்குள் ஜெனிட்டா வந்துவிட்டாள். என் ஒரே மகள். ஒன்பது வயது. ஒரு செருப்பு வாசலிலும் ஒரு செருப்பு துளசிச் செடி பக்கத்திலும் விழுந்தன.

அடுத்த மாதம் குருத்தோலை ஞாயிறு. ஏசு கழுதைமேல் ஏறி எருசலேமுக்குள் வந்த நாள். குருத்தோலை பிடித்துக்கொண்டு தெருவில் பவனி போவோம் — போவார்கள். முன்னால் சண்டே கிளாஸ் பிள்ளைகள் அதை நடித்துக்கொண்டே போகும். கழுதை என்பது, குனிந்த இரண்டு பையன்கள்மேல் போர்த்திய பழுப்பு நிறப் பெட்ஷீட். இந்த வருடம் பவனியில் முதல் ஆளாக 'ஓசன்னா' என்று ஏசுவுக்கு வாழ்த்துக் குரல் கொடுக்கும் பொறுப்பு ஜெனிட்டாவுக்கு. அது பெரிய மரியாதை. அதைத்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

"இன்னாடி, முதல் ஆளா நிக்கறதுக்கு அவனவன் அடிச்சிகினு கீறான், நீ வேணாங்கற?" என்றாள் ஜெசிந்தா.

"கழுத கொண்ணாரச் சொல்லு. நிக்கறேன்."

"கழுததான் கீதே."

"அது பெட்ஷீட்டு. பெட்ஷீட்டுக்கு ஓசன்னா சொல்ல மாட்டேன்."

"ஏசுவுக்குத்தாண்டி சொல்றோம்."

"ஏசு பெட்ஷீட்டு மேலயா வந்தாரு?"

செய்தித்தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டேன். ஜெசிந்தா பார்த்துவிட்டாள். "சிரிங்க, சிரிங்க. உங்க ரத்தம்தான? புடிச்சா வுடாத ரத்தம்."

இது இன்று வந்ததில்லை. தான் சொன்ன நிறத்தில் வாங்கவில்லை என்பதற்காக ஒரு மழைக்காலம் முழுக்கக் குடை பிடிக்காமல் நனைந்தவள் இவள். காய்ச்சல் வந்தபோது, "மழைதான் தப்பு, நான் இல்ல" என்றாள்.

மார்ச் 12, புதன்

இரவுச் சாப்பாடு ஆறிப்போனது. காரணம், சாப்பாட்டுக்கு முந்தைய ஜெபம்.

"ஆண்டவரே, ஒரு கழுத. ஒரு குட்டி. அந்தக் குட்டி அந்தக் கழுதையோடதா இருக்கணும், வேற கழுதையோடத கொடுத்துப் பேஜாரு பண்ணாதீங்க. காது ரெண்டும் நல்லா நீட்டமா இருக்கணும். உயிரோட இருக்கணும்." கொஞ்சம் யோசித்து, "ஞாயித்துக்கிழம காலையிலயே வந்துரணும், மத்தியானம் வந்து பிரயோஜனமில்ல. ஆமேன்."

ஜெசிந்தா ஆமேன் சொன்னாள். நான் ரசத்தை ஊற்றிக்கொண்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் ரெஜினா டீச்சர் வந்தார். சண்டே கிளாஸ் எடுப்பவர். நாற்காலியில் உட்காரும்போதே தலையில் கை.

"சார், நீங்களாவது உங்க பொண்ணுக்குச் சொல்லுங்க. க்ளாஸ் மொத்தமும் இப்ப கழுதைக்கு ஜெபம் பண்ணுது. ஒரு பையன்கூட பெட்ஷீட்டுக்குள்ள பூற மாட்டங்கறான். கழுத வரலன்னா நாடகமும் இல்ல, பவனியில பசங்களும் இல்லன்றாங்க. நான் கமிட்டிக்கு இன்னா பதில் சொல்றது?"

கமிட்டி என்றால் ஏசுபாதமும்தான்; எனக்கு உள்ளே இனித்தது. மறைக்கவில்லை. "கமிட்டியே ஒரு கழுதய அனுப்பலாமே டீச்சர், ஆளுக்குப் பஞ்சமா?" என்றேன். ஜெசிந்தா காபி டம்ளரை என் முன்னால் வைத்த சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும்.

டீச்சர் போனபிறகு ஜெனிட்டாவைக் கூப்பிட்டேன்.

"கழுதை வரலன்னா என்ன பண்ணுவ?"

"வரும்."

"வரலன்னா?"

"டாடி, நீ எக்ஸாமுக்குப் போசொல்ல, ஃபெயில் ஆனா இன்னா பண்றதுன்னு யோசிச்சிகினா போன?"

இப்போது இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது. எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும். ஏப்ரல் 13 வரும், கழுதை வராது. மேலே யாரும் மனுக்களைப் பிரித்துப் பார்ப்பதில்லை என்று எனக்கு நாற்பத்து மூன்று வயதில் தெரிந்தது, அவளுக்கு ஒன்பதிலேயே தெரிந்துவிடும். அவ்வளவுதானே?

ஆனால் அவள் அதோடு விடமாட்டாள். அவளை எனக்குத் தெரியும். வரவில்லையென்றால் அடுத்த ஞாயிறு போகமாட்டாள். அதற்கடுத்த ஞாயிறும். அவளும் இங்கே என் எதிரில் ஒரு நாற்காலி போட்டு உட்காருவாள். முகத்தை இப்படி வைத்துக்கொண்டு.

வேண்டாம். அது மட்டும் வேண்டாம்.

மார்ச் 19, புதன்

செங்கல்பட்டில் துணி வெளுக்கிறவர்கள் தெருவில் விசாரித்தேன். கழுதை யாரிடமும் இல்லை, வாஷிங் மெஷின் இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துப் போகலாம் என்றார்கள்.

மார்ச் 24, திங்கள்

பொதுத்தேர்வு மேற்பார்வை. இடைவேளையில் செங்கல்வராயன் — விலங்கியல் ஆசிரியர், மதுராந்தகம் பக்கம் விவசாயக் குடும்பம் — என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தார். ஆபீஸ் பியூன் வரை நான் கழுதை விசாரித்தது போயிருக்கிறது.

"இன்னா சார், கொஸ்டின் பேப்பர் தொலைஞ்சா மாதிரி கழுதைய தேடிகினு கீறீங்களாமே?"

சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கத்தான் செய்தார், ஆனால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு.

"கழுதப் பாலு விக்கறவங்கள வுட்டுட்டீங்களே சார். தெருத்தெருவா கழுதைய ஓட்டிகினு வந்து, வாசல்லயே கறந்து ஊத்துவாங்க. பொறந்த கொழந்தைக்கு ஒரு சங்கு ஊத்தினா குரல் கணீர்னு வரும்னு. என் பையனுக்கும் ஊத்தினோம். இப்ப வூட்ல அந்தக் குரல்தான் தாங்கல."

பால் என்றால் குட்டி இருக்க வேண்டும். ஒரு கழுதை, அதனுடைய குட்டி. ஜெனிட்டா கேட்ட அதே கணக்கு.

தற்செயல். வேறென்ன.

ஏப்ரல் 1, செவ்வாய்

பள்ளியிலிருந்து வந்தால் ஸ்கூட்டர் ஷெட்டில் ஸ்கூட்டர் நிறுத்த இடமில்லை. தரை பெருக்கி, வைக்கோல் பரப்பி, ஓரத்தில் பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர். தூணில் துணி காயப்போடும் கயிறு கட்டியிருக்கிறது.

"இது என்ன?"

"வந்தா எங்க கட்டறது?"

"வந்தப்புறம் பார்த்துக்கலாம்."

"வந்தப்புறம் ரெடி பண்ணா, வராதுன்னு நெனச்சேன்னு ஆயிடும்ல?"

ஸ்கூட்டர் தெருவில் வெயிலில் நிற்கிறது. கொதிக்கிற சீட்டில் உட்காரும்போது எனக்கு வேத வசனங்கள் வாயில் வராது.

எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "சார், மாடு வாங்கறீங்களா?" என்றார். போன வருடம் என் வாசலில் பாத்திரம் கழுவிய தண்ணீரை விட்டவர் அவர். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஜெனிட்டா சொன்னாள். "கழுத அங்கிள். பதிமூணாந் தேதி வருது. வந்து பாருங்க."

ஏப்ரல் 6, ஞாயிறு

நம்பர் கிடைத்துவிட்டது! அதுவும் ஜெசிந்தா மூலமாக.

அவள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். கைக்குழந்தைக்குக் கழுதைப் பால் ஊற்றும் தாய்மாரைத் திட்டுவது அவள் வேலையில் ஒரு பகுதி. நேற்று ஒரு பெண்ணை வழக்கம்போல் திட்டியிருக்கிறாள். திட்டி முடித்து, "சரி, அந்தக் கழுதக்காரம்மா நம்பர் கொடு" என்றாளாம். அந்தப் பெண் இன்னும் குழம்பிக்கொண்டிருப்பாள்.

பெயர் பூவாயி. போன் போட்டேன். கடப்பாக்கத்தில் இருக்கிறாராம், அங்கே பழைய கோட்டைக்குப் போகும் வழியில் சவுக்குத் தோப்பில். "நேர்ல வந்து பேசு. போன்ல கழுத கேக்கறவன நான் நம்பறதில்ல."

வியாழக்கிழமை அரசு விடுமுறை, போய்வருகிறேன் என்று ஜெசிந்தாவிடம் மெல்லத்தான் சொன்னேன். ஜெனிட்டா கதவுக்குப் பின்னாலிருந்து வந்தாள்.

"நீ ஒரு ஆளு போக்கூடாது டாடி. ரெண்டு பேரு போனும். ஏசு கழுதைய அவுத்துகினு வரதுக்கு ரெண்டு சீஷர அனுப்புனாரு."

எனக்குச் சட்டென்று கோபம் வந்துவிட்டது. "இங்க பாரு, யாரும் என்னை அனுப்பல. நான்தான் செங்கல்பட்டு பூரா கேட்டேன், நான்தான் அலையறேன். உன் ஆண்டவர் ஒண்ணும் பண்ணல, புரியுதா?"

அழுவாள் என்று நினைத்தேன். என்னைப் புரியாதவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"அவரு எப்பவும் ஆள வுட்டுத்தான டாடி வேல வாங்குவாரு? பின்ன இன்னா, வானத்துல இருந்தா கழுத வுழும்? வுழுந்தா கால் ஒடிஞ்சிராது?"

வரலாறு படித்தவனிடம் பதில் இல்லை. மெசப்பொத்தாமியாவிலிருந்து ஆரம்பித்துப் பார்த்தேன், இல்லை.

"சரி, அம்மா வரட்டும்."

"அம்மா கூட போனா அது டூரு. மாமா வருவாரு. நான் சொல்ட்டேன்."

"எந்த மாமா?"

எனக்கு ஒரே ஒரு மச்சான்தான் என்பதை அவள் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. முடியாது என்றேன். அவளும் முடியாது என்றாள். ரெண்டு பேர் போகவில்லையென்றால் கழுதை வந்தாலும் அது வெறும் கழுதைதானாம்.

ஏப்ரல் 9, புதன்

மூன்று நாளாக வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. ஜெசிந்தா, "ரெண்டு கழுதைய நான் ஏற்கெனவே கட்டி மேய்ச்சிகினு கீறேன்" என்று சுவரிடம் சொன்னாள்.

ஏப்ரல் 10, வியாழன்

காலையில் கதவைத் திறந்தால் ஏசுபாதம். தலையில் ஹெல்மெட், கையில் இன்னொரு ஹெல்மெட். ஆறு வருடத்தில் தலை நரைத்துவிட்டது, தொப்பை வந்துவிட்டது. மாடியில் ஜன்னலில் ஒரு சின்ன முகம் ஒளிந்தது.

ஹெல்மெட்டை வாங்கினேன். ஸ்கூட்டரை நான் ஓட்டினேன். அந்த ஆள் பின்னால் உட்கார்ந்தால் நான் முகம் பார்க்க வேண்டாம் என்பது ஒரு காரணம்.

வாயலூர் பாலத்தைத் தாண்டினோம். கூவத்தூரில் டீக்கடை ஓரம் நிறுத்தச் சொன்னார். டீயை என் கையில் கொடுத்துவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஆசதான் மச்சான்."

"என்ன ஆசை?"

"புக்குல பேரு வரணும்னு. பிரஸ்ல கேட்டான், யாரு எழுதுனதுன்னு. வாயில என் பேரு வந்துச்சு. நான் எட்டாவது ஃபெயிலு. கல்யாணப் பத்திரிகைல வந்துச்சு, ரேஷன் கார்டுல வந்துச்சு, வேற எதுல வரும் எனக்கு? தப்புதான். அன்னிக்கே தெரியும். உன் வூட்டு வாசல் வரிக்கும் எத்தினி தபா வந்துட்டுத் திரும்பிட்டேன் தெரியுமா? உன் மூஞ்சிய பாத்தா வார்த்தை வரல."

ஆறு வருடமாக இந்த ஆளுக்காக நான் தயார் செய்து வைத்திருந்த பதில்கள் உண்டு. ஒவ்வொன்றும் கூர் தீட்டியது. சால்ஜாப்பு சொன்னால் ஒன்று, மழுப்பினால் ஒன்று, பழியைக் கமிட்டிமேல் போட்டால் ஒன்று. 'ஆசை' என்று சொன்னால் என்ன சொல்வதென்று என்னிடம் ஒன்றுமே இல்லை.

மன்னித்தேன் என்று எழுதமாட்டேன். டீயைக் குடித்தேன். இன்னொன்று கேட்டார், அதையும் குடித்தேன்.

தோப்பில் பூவாயி வெற்றிலையை மென்றபடி எங்களை மேலும் கீழும் பார்த்தார். பக்கத்தில் சாம்பல் நிறத்தில் கழுதை. அதன் வயிற்றுக்கடியில் பஞ்சு மாதிரி ஒரு குட்டி, பிறந்து ஒரு மாதம் இருக்கும். காதுகள்... ஜெனிட்டா கேட்டபடியே நீளம்.

"இன்னாத்துக்கு கழுத? மழைக்குக் கல்யாணம் கட்டி வெக்கவா? அதுக்குக் குடுக்க மாட்டேன். போன தபா தாலி கட்டறேன்னு கூட்டிகினு போயி, கழுத்து மாலைய தின்னுட்டு ரெண்டு நாளு வவுறு உப்பிகினு கெடந்துச்சு."

"கல்யாணம் இல்லம்மா. எங்க ஆண்டவருக்கு வேணும்" என்றார் ஏசுபாதம்.

"அவரே கேட்டாரா?"

ஏசுபாதம் என்னைப் பார்த்தார். நான் ஏசுபாதத்தைப் பார்த்தேன். "எங்க பொண்ணு கேட்டுச்சு," என்றார். எங்க பொண்ணு.

"பொண்ணா? எத்தினி வயசு? ... ஓம்போதா. அப்ப சரி. ஆனா ஒண்ணு, யாரும் மேல ஏறக் கூடாது. பாலு குடுக்கற கழுத. ஏறினா உங்க ஆண்டவர் மேல கேஸு போட்டுருவேன்."

அதற்குள் குட்டி என் சட்டை நுனியை வாயில் போட்டுக்கொண்டு மென்றுவிட்டது. பூவாயி முதல்முறையாகச் சிரித்தார். "உன்ன புடிச்சிருக்கு. அதுக்கு டீச்சருங்கள கண்டா ஆவாது. நீ டீச்சரா? அப்ப உன்ன மட்டுந்தான் புடிச்சிருக்கு."

சனிக்கிழமை எங்கள் தெரு டிரைவர் மோகனைக் குட்டியானையோடு, அந்தச் சின்ன லோடு வண்டியோடு, அனுப்புவதாகப் பேசிவிட்டு வந்தோம். திரும்பும்போது ஏசுபாதம் ஓட்டினார். பின்னால் உட்கார்ந்துகொண்டு, கழுதை குட்டியானையில் வரப்போவதை நினைத்து எனக்குச் சிரிப்பு. அவருக்கும் தோள் குலுங்கியது. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

வீட்டில் ஜெனிட்டாவிடம், யாரும் ஏறக்கூடாதாம் என்றேன். முகம் சுண்டும் என்று பயம்.

"யாரு ஏறப்போறா? அது அவரு சீட்டு" என்றாள்.

ஏப்ரல் 12, சனி

போச்சு. எல்லாம் போச்சு.

மதியம் மோகன் கடப்பாக்கத்திலிருந்து போன் பண்ணினான். "சார், தோப்புல யாரும் இல்ல. லத்திதான் கீது, கழுத இல்ல." பூவாயி போன் அணைந்து கிடக்கிறது. ஏசுபாதம் தன் போனிலிருந்து அடித்தார், ஜெசிந்தா அடித்தாள். அணைந்துதான் கிடக்கிறது. மோகன் வெறும் வண்டியோடு திரும்பிவிட்டான்.

ஏன்யா, ஒரு குழந்தை கேட்டா இப்படித்தான் பண்ணுவீங்களா? எனக்குப் பண்ணது போதாதா? நான் பெரியவன், தாங்கிகினேன். அவ இன்னா பண்ணா உங்கள?

ஜெனிட்டாவிடம் சொன்னேன். சொல்லித்தானே ஆக வேண்டும். குருத்தோலையில் சிலுவை முடைந்துகொண்டிருந்தாள். "மோகன் அங்கிள் போன வண்டியில வரலன்னுதான சொன்னாரு?" என்றாள். அவ்வளவுதான். ஷெட்டில் வாளித் தண்ணீரை மாற்றப் போய்விட்டாள்.

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். 'உங்கள' என்று யாரிடம் பேசியிருக்கிறேன்? ஆறு வருடமாகப் பேச்சில்லாதவரிடம். இதை ஜெபம் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். புகார்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

இடுப்பு ஒடிகிறது. படுத்துக்கொண்டே எழுதுகிறேன். ஆனால் எழுதாமல் முடியாது.

விடிகாலையில் வாசலில் ஒரு சத்தம். இதுவரை புதுப்பட்டினத்தில் நான் கேட்டிராத சத்தம், பழைய பம்ப் செட் மூச்சு வாங்குவதுபோல. ஜெனிட்டா எங்கள் கட்டில்மேல் ஏறிக் குதித்து வெளியே ஓடினாள். நானும் லுங்கியோடு ஓடினேன்.

கேட்டில் பூவாயி. ஒரு கையில் கயிறு, மறுகையில் செருப்பு.

"வண்டியில இது ஏறாதுன்னு எனக்குத் தெரியும். நீங்க ரெண்டு பேரும் கேக்கறா மாதிரி இல்ல. அதான் வெள்ளிக்கிழமையே கிளம்பி நடந்தே வந்துட்டேன், வர வழியில பாலையும் ஊத்திகினு. போன்ல சார்ஜ் இல்ல, கழுத கேட்ட டீச்சர் வூடு எதுன்னு கேட்டுகினே வந்தேன். இன்னா அப்பிடி பாக்கற? பொண்ணு எங்க?"

பொண்ணு கழுதையின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தது. "கொஞ்சம் லேட்டு பண்ணிட்டீங்க ஆண்டவரே, பரவால்ல" என்று அதன் காதில் சொன்னது எனக்குக் கேட்டது.

எதிர்வீட்டுக்காரர் பிரஷ்ஷை வாயில் வைத்தபடி நின்றார். அவருக்கு நான் வணக்கம் சொன்னேன். ஏன் என்று தெரியவில்லை.

ஷெட்டில் கட்டிய கயிற்றை அவிழ்க்க இரண்டு பேர் வேண்டும் என்றாள் ஜெனிட்டா. ஏசுபாதம் பாதி ஷேவிங்கில் வந்து சேர்ந்தார். ஒரு முனை அவர், ஒரு முனை நான். முடிச்சு இறுகிக்கிடந்தது. இரண்டு பேரும் சேர்ந்து கொஞ்ச நேரம் திட்டினோம், முடிச்சைத்தான்.

என் திட்டம் தெளிவாக இருந்தது. கழுதையைத் தெருமுனையில் பவனியில் ஒப்படைப்பது, வீட்டுக்குத் திரும்பி நாஸ்தா சாப்பிடுவது.

பேண்ட் செட் முழங்கியது. முதல் அடிக்கே குட்டி நடுரோட்டில் படுத்துவிட்டது. குட்டி படுத்ததும் தாய் நின்றது. இழுத்தார்கள், தள்ளினார்கள், கேரட் காட்டினார்கள், ஏசுபாதம் அதட்டினார். அது ஏசுபாதத்தின் குருத்தோலையைத் தின்றது.

"குட்டிய தூக்கினு முன்னால போனா அது தன்னால பின்னால வரும்," என்றார் பூவாயி. பெரிய பையன் ஒருவன் தூக்கப்போய் உதை வாங்கினான். "அன்னிக்கி யாரு சட்டைய தின்னுச்சோ அவரு தூக்கட்டும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சபை முழுக்க. ஆறு வருடமாக நான் பார்க்காத முகங்கள்.

தூக்கினேன். ஒரு சிப்பம் அரிசியின் கனம். அரிசி இப்படி நெஞ்சில் துடிக்காது. மூக்கை என் கழுத்தில் புதைத்துக்கொண்டது. நடந்தேன். பின்னால் குளம்புச் சத்தம்; தாய் வருகிறது. அதற்குப் பக்கத்திலிருந்து, நான் கேட்டதிலேயே பெரிய குரல்:

"ஓசன்னா!"

பிள்ளைகள் மொத்தமும் அதன்மேல் விழுந்தன. ஓசன்னா, ஓசன்னா. மாடிகளிலிருந்து ஆட்கள் போன் தூக்கிப் பிடித்தார்கள். ரெஜினா டீச்சர் அழுதுகொண்டே சிரித்தார். ஏறக்கூடாத முதுகில் யாரும் இல்லாமல் கழுதை வந்தது. குருத்தோலைகள் அந்தக் காலி முதுகுக்காக அசைந்தன. அங்கே யாருமே இல்லை என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

சபை கேட்டுக்கு வந்ததும் நின்றுவிட்டேன். என் கால் தானாக நின்றது. நான் நின்றதும் கழுதை நின்றது. கழுதை நின்றதும் பவனி நின்றது. பேண்ட் பாட்டின் பாதியில் தொங்கியது. ஏசுபாதம் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

குட்டி கனத்தது. இறக்கி வைத்திருக்கலாம். கேட்டுக்கு வெளியே இறக்கினால் அது அங்கேயேதான் படுக்கும்.

ஜெனிட்டா என் பக்கத்தில் வந்து சட்டையை இழுத்தாள்.

"டாடி, பின்னாடி பஸ்ஸு ஹாரன் அடிக்குது. ட்ராஃபிக்கு. நட."

நடந்தேன்.

வாசற்படியில் போதகர் அங்கியோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்தார், கையிலிருந்ததைப் பார்த்தார், பின்னால் வந்ததைப் பார்த்தார். "உள்ள வாங்க, உள்ள வாங்க" என்றார். தாய்க் கழுதை மட்டும் படியேற மறுத்துவிட்டது. அதற்குப் புத்தி அதிகம். வேப்பமரத்தடியில் அதோடு குட்டியைச் சேர்த்துவிட்டுப் பார்த்தால் என் சட்டை முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது, குட்டியின் உபயம். அதே சட்டையோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். என் பக்கத்தில் உட்கார யாராலும் முடியவில்லை, ஒருவரைத் தவிர. ஜெசிந்தா மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு ஆராதனை முழுக்க உட்கார்ந்திருந்தாள். கண்ணையும் அதே முந்தானையால்தான் துடைத்தாள்.

ஏப்ரல் 14, திங்கள்

விடுமுறை. ஷெட்டில் கழுதை. பூவாயி வாசலில் சாவகாசமாக உட்கார்ந்து, வருகிற தாய்மாருக்கு ஜெசிந்தா தடுக்கத் தடுக்கப் பால் ஊற்றுகிறார். "யக்கா, இது கொழந்தைக்கு ஆவாது," "நீ சும்மா இரும்மா, நீயே ஒரு வாய் குடிச்சிப் பாரு" — காலையிலிருந்து இதே. ஜெசிந்தா ஒரு வாய் குடித்ததை நான் பார்த்தேன். வெளியே சொல்லமாட்டேன்.

ஏப்ரல் 16, புதன்

பூவாயி நேற்று போய்விட்டார், திருவிடந்தை பக்கம். குட்டி திரும்பிப் பார்த்தது என்று ஜெனிட்டா சொல்கிறாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

சாயங்காலம் மச்சான் வந்தார். அவர்கள் வீட்டு மீன் குழம்போடு. சபை முகநூல் குழுவில் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை வீடியோவாகப் போட்டுத் தள்ளுகிறார்களாம். கழுதை எப்படி வந்தது, யார் போனார்கள் என்று வெளியூரிலிருந்தெல்லாம் கேட்கிறார்களாம்.

"நீ எழுது மச்சான். உன்ன வுட்டா யாரு எழுதுவா? மேல கொட்ட எழுத்துல உன் பேர நானே போடறேன்."

எழுதிவைத்ததுதான் இருக்கிறது என்று இந்தப் பக்கங்களைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். தன்னைப் பற்றி இருந்த இடங்களிலும் விரல் அதே வேகத்தில்தான் போயிற்று. முடித்துவிட்டு, "ஒரு வரி மாத்தாத," என்றார்.

வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த ஜெனிட்டா தலை தூக்கினாள். "கழுத அவுக்கப் போன அந்த ரெண்டு சீஷர் பேரு இன்னா?"

மச்சானுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. வேதத்தை எடுத்துப் பார்த்தேன். மூன்று இடத்தில் தேடினேன். போனார்கள், அவிழ்த்தார்கள், கொண்டுவந்தார்கள். பெயர் இல்லை.

"அவங்களுக்குக் கோவம் வந்திருக்காதா டாடி?"

"இருக்காது. கழுதை வந்துடுச்சே."

எல்லாவற்றையும் தட்டச்சு செய்துவிட்டேன். புகாரையும் சேர்த்து. அந்தக் குழுவில் பெயர் தெரியாமல் பதிவிட ஒரு வழி இருக்கிறது என்று மச்சானின் மகன் காட்டிக்கொடுத்தான். "எதுக்கு மச்சான்? ஊருக்கே தெரியுமே, நீதான்னு," என்கிறார் மச்சான், இன்னும் போகாமல், என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு.

தெரியட்டும். பெயர் போடாமலே அனுப்புகிறேன்.